பெரம்பலூர்க் கடலில் மரப்படகு இல்லை

பெரம்பலூர் மாவட்டத்தில் என்னைவிட அதிகமான கப்பல்களை மோதவிட்டவர் யாரும் இருக்க முடியாது. ஒரு நாளைக்குப் பத்துக் கப்பல் சாதாரணம். எண்ணெய்க் கப்பல், சரக்குக் கப்பல், பயணிகள் கப்பல் என்று பாரபட்சம் பார்த்ததில்லை. எல்லாம் நாலு ரோட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி அடித்த ஒரு ஏசி அறையில் நடந்தது. அந்த அறையிலிருந்து எந்தத் திசையில் கிளம்பினாலும் கடலைப் பார்க்க நூறு கிலோமீட்டருக்குக் குறையாமல் போக வேண்டும். நான் அதுவரை போனதில்லை.

என் ஊர் அரியலூர். அது தனி மாவட்டமாகி, பெயர்ப்பலகையில் பெயிண்ட் காய்வதற்குள் மறுபடியும் பெரம்பலூரோடு ஒட்டவைக்கப்பட்ட காலம். நான் இயற்பியலில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு ஒரு டுட்டோரியலில், ஒரு முறை தோற்றவர்களை இரண்டாம் முறையும் தோற்கத் தயார் செய்துகொண்டிருந்தேன். பெரம்பலூரில் அரிசி மில்லும் பாலிடெக்னிக்கும் வைத்திருந்த ஒருவர், கப்பல் வேலைக்குப் பயிற்சி தரும் நிலையம் ஒன்றைத் தொடங்கியிருந்தார். எல்லோரும் அவரைத் தாளாளர் என்றார்கள். இன்டர்வியூவில் என்னிடம் இரண்டே கேள்விதான் கேட்டார்.

"ரேடாரு கரண்டுலதானே ஓடுது?"

"ஆமாங்க."

"நீ படிச்சது கரண்டுதானே?"

"ஒரு பேப்பர் இருந்துச்சுங்க."

"அப்புறம் என்ன, திங்கக்கிழம வந்துரு."

வேலையில் சேர்ந்த அன்று வாசலில் பெரிய போர்டு இருந்தது. 'கடல் அனுபவம் மிக்க ஆசிரியர்கள்' என்று அதில் எழுதியிருந்தார்கள். ஆசிரியர் நான் ஒருவன்தான். தயங்கித் தயங்கி, "எனக்கு நீச்சல்கூடத் தெரியாதுங்க" என்றேன். தாளாளர் கோபப்படவில்லை. "ஒங்க ஊருல சுண்ணாம்புக்கல்லு தோண்டுனா சிப்பியும் சங்குமா வருதுல்ல? அப்ப அது கடல்தானே? நீ கடலுக்குள்ளயே பொறந்தவன்யா" என்றார். பல கோடி வருஷத்துக்கு முன்னால் கடல் அங்கே இருந்தது உண்மைதான். நான் பிறக்கத்தான் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை என்பார்கள். எங்களுக்குப் பக்கத்து எறையூரில் சர்க்கரை ஆலையே இருந்தது, கடல்தான் இல்லை. ஆகவே கடலுக்கு நான்.

நிலையத்தின் பதிவேட்டில் உண்மையான கேப்டன் ஒருவரும் இருந்தார். முப்பது வருஷம் கப்பலில் இருந்து ஓய்வு பெற்றவர். மாதம் இரண்டு சனிக்கிழமை சென்னையிலிருந்து ரயிலில் அரியலூர் வந்து இறங்குவார். நான் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு பெரம்பலூருக்குக் கூட்டிப்போவேன். சிமெண்டு ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப்போகும் லாரிகள் அந்த ரோட்டில் எங்களை உரசுவதற்கென்றே வருவது போல வரும். கேப்டன் இரண்டு கையாலும் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, எனக்கு எந்த அவசரமும் இல்ல, நாளைக்குப் போய்ச் சேர்ந்தாக்கூடப் போதும்" என்பார். வந்து சேர்ந்ததும் பதிவேட்டில் இருபது கையெழுத்துப் போட்டுவிட்டு, ஏசி அறையில் நாற்காலியைச் சாய்த்துக்கொண்டு தூங்கிவிடுவார். அந்த ரோட்டுக்குப் பிறகு யாருக்கும் தூக்கம் வரத்தான் செய்யும்.

ஆகவே நான் சொல்லிக்கொடுக்க வேண்டிய ரேடார் இயந்திரத்தைப் புத்தகத்திலிருந்துதான் படித்தேன். அதை ஆர்ப்பா என்பார்கள். ரேடார் திரையில் கப்பல்களெல்லாம் வெறும் பச்சைப் புள்ளிகள். ஒரு புள்ளி நம்மை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. அந்தக் காலத்தில் சில நிமிடங்களுக்கு ஒரு முறை திரையின் மேலேயே மெழுகுப் பென்சிலால் குறி வைத்து, ஸ்கேலால் கோடு இழுத்துக் கண்டுபிடிப்பார்களாம். ஆர்ப்பா அந்த வேலையைத் தானே செய்யும். ஒரு புள்ளியைக் காட்டி 'இவனைக் கவனி' என்று சொல்லிவிட்டால் போதும். ஒன்றிரண்டு நிமிடத்தில் அவன் எந்தப் பக்கம் போகிறான், என்ன வேகம், இப்படியே போனால் நமக்கு எவ்வளவு நெருக்கத்தில் வருவான், எத்தனை நிமிடத்தில் வருவான் எல்லாம் சொல்லிவிடும். ரொம்ப நெருங்குவான் என்றால் கத்தும். இருபது பேரை ஒரே நேரத்தில் கவனிக்கும். கப்பலைத் திருப்புவதற்கு முன்னாலேயே, திருப்பினால் என்ன ஆகும் என்றும் காட்டும். நான் வீட்டில் இதைப் பற்றி வாய் ஓயாமல் பேசியதைக் கேட்டுவிட்டு என் மனைவி ஒரே ஒரு கருத்துத்தான் சொன்னாள். "உங்க ஜாதகம் வந்தப்ப எங்கப்பாகிட்ட இருந்திருக்க வேண்டிய மெஷினு."

எங்களிடம் இருந்தது நிஜ ஆர்ப்பா அல்ல. சென்னையில் வாங்கிய ஒரு மென்பொருள், இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஸ்டீயரிங். அது போதுமானதாக இருந்தது. நாற்பது மாணவர்கள். பூலாம்பாடி, உடையார்பாளையம், எறையூர், லெப்பைக்குடிகாடு என்று சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகள். பெரும்பாலும் என்னைப் போலவே, கடலைக் காலண்டரில் பார்த்தவர்கள்.

முதல் மாதம் முழுக்க ஒரே விபத்துதான் நடந்தது. இரண்டு கப்பல் நேருக்கு நேர் வந்தால் இரண்டுமே வலது பக்கம் திரும்ப வேண்டும் என்பது கடல் விதி. எங்கள் பிள்ளைகள் ஒருவன் விடாமல் இடது பக்கம் திருப்பினார்கள். பஸ்ஸிலும் டிராக்டரிலும் வளர்ந்த கை. எதிரே வண்டி வந்தால் அது தானாக இடது பக்கம்தான் போகும். மென்பொருளில் எதிரே வரும் கப்பல் சட்டத்தை மதித்து அதன் வலது பக்கம் திரும்பும். நாங்கள் அதன் வழியிலேயே போய் நிற்போம். மோதுவோம். ஒரு மாணவன் மோதிய பிறகும் மேசைக்கு அடியில் எதையோ தேடிக்கொண்டிருந்தான். என்னடா என்று கேட்டால், "ஹாரன் எங்க சார் இருக்கு?" என்றான். இன்னொருவன், தான்தான் முதலில் ஹெட்லைட்டை அடித்ததாகவும், ஆகவே எண்ணெய்க் கப்பல்தான் ஒதுங்கியிருக்க வேண்டும் என்றும் என்னிடம் வழக்காடினான். அரியலூர் ரோட்டுச் சட்டப்படி அவன் சொன்னது சரிதான்.

கடைசியில் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். "எதிர்ல கப்பல் வந்தா சோத்துக்கைப் பக்கம்" என்றேன். எல்லோரும் ஒரு முறை சோற்றுக் கையைத் தூக்கிக் காட்டினார்கள். அன்றிலிருந்து யாரும் மோதவில்லை. இந்த வெற்றி என் தலைக்கு ஏறியது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். நானே கண்டுபிடித்த கடல் மாதிரி பேச ஆரம்பித்தேன். 'நடுக்கடலில் நாங்கள்' என்று ஒரு நாள் என் வாயிலிருந்தே வந்துவிட்டது. வந்ததைத் திரும்ப விழுங்க முடியவில்லை, அதன் மேலேயே இன்னும் இரண்டு பொய்யை அடுக்கிவைத்தேன்.

வகுப்பில் ஒரே ஒருவன்தான் நிஜமாகக் கடலில் இருந்தவன். லெப்பைக்குடிகாட்டுக்காரன். என்னைவிட நான்கைந்து வயதுதான் சின்னவன். வளைகுடாவில் மர லாஞ்சு ஒன்றில், துறைமுகத்துக்குத் துறைமுகம் சரக்கு ஏற்றிப்போகும் வேலை பார்த்திருக்கிறான். இப்போது பெரிய கப்பலில் சேரச் சான்றிதழ் வேண்டும் என்று வந்திருந்தான். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, நான் சொல்வதையெல்லாம் ஒன்று விடாமல் எழுதிக்கொள்வான். அவன் எழுதுவதைப் பார்க்கும்போதெல்லாம் நான் திரை பக்கம் திரும்பிக்கொள்வேன்.

ஆடி மாதத்தில் ஒரு நாள், வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு அவன் மட்டும் நின்றான்.

"சார், ஒரு சந்தேகம். மரப்படகு இதுல தெரியுமா?"

"ஏன் கேக்குற?"

அவன் சொன்னான். மூன்று வருஷத்துக்கு முன்னால், அவனும் அவன் மச்சானும், அதாவது அக்கா வீட்டுக்காரரும், ஒரே லாஞ்சில் இருந்திருக்கிறார்கள். ஒரு நாள் காலையில் இஞ்சின் நின்றுவிட்டது. சரி செய்துகொண்டிருந்தார்கள். தூரத்தில் பெரிய கப்பல் ஒன்று வந்தது. நன்றாக விடிந்திருந்தது. எப்படியும் திரும்பிவிடும் என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஆளுக்கு ஒரு துணியை எடுத்து ஆட்டினார்கள். கப்பல் திரும்பவில்லை. லாஞ்சை இரண்டாக உடைத்துவிட்டு, நிற்காமல் போய்விட்டது. இவனை வேறொரு லாஞ்சுக்காரர்கள் மத்தியானத்துக்கு மேல் தூக்கினார்கள். மச்சான் கிடைக்கவில்லை.

"அக்கா ஒண்ணே ஒண்ணுதான் சார் கேக்குது. அந்தக் கப்பல்காரன் பாத்தானா, பாக்கலயா? பாத்துட்டே ஏத்துனானா, இல்ல தெரியாம நடந்துச்சா? மூணு வருசமா இதே கேள்வி. எங்க நாகுதா, லாஞ்சு தலைவரு, பழைய ஆளு. பெரிய கப்பல் கண்ணுக்கு நாம படவே மாட்டோம்னு சொல்லுவாரு. எனக்கு ஒண்ணும் தெரியல. உங்களுக்குத் தெரியும்ல சார்?"

அந்த இடத்தில் நான், 'எனக்குத் தெரியாது, கேப்டன் வந்ததும் கேட்கலாம்' என்று சொல்லியிருக்க வேண்டும். அடுத்த சனிக்கிழமையே அவர் வந்து அதே அறையில் தூங்கப் போகிறார். தட்டி எழுப்பிக் கேட்டிருந்தால் போயிற்று. ஆனால் வாசலில் போர்டு இருந்தது. 'நடுக்கடலில் நாங்கள்' என்று சொன்ன வாய் வேறு இருந்தது.

"நாகுதா சொல்றது அந்தக் காலம்ப்பா" என்றேன். "இப்ப இந்த மெஷினு இருக்கு. கொக்கு உக்காந்திருந்தாலும் காட்டிடும். படகு தெரியாம எப்படி? கண்டிப்பாத் தெரிஞ்சிருக்கும்."

அவன் திரையைப் பார்த்தான். "அப்ப பாத்துட்டுத்தான் வந்திருக்கான்" என்றான். நான் தலையை ஆட்டினேன்.

அடுத்த வாரம் வந்து, "அக்காகிட்டச் சொல்லிட்டேன் சார். இப்பத்தான் ஒரு முடிவு தெரிஞ்சுதுன்னுச்சு" என்றான். ஒரு குடும்பத்தின் மூன்று வருஷத்துச் சந்தேகத்தைத் தீர்த்துவைத்த திருப்தியோடு அன்று நான் வீட்டுக்குப் போனேன். இதை எழுதும்போதுகூட வெட்கமாக இருக்கிறது.

நான் கவனித்திருக்க வேண்டிய இன்னொன்றும் இருந்தது. எங்கள் திரையில் ஒரு குமிழ் உண்டு. கடலில் அலை எழும்பினால் அலையும் திரையில் சிறு சிறு புள்ளிகளாகத் தெரியும். அந்தக் குமிழைத் திருகினால் அலைப்புள்ளிகள் மறைந்து திரை சுத்தமாகிவிடும். எனக்குச் சுத்தம் பிடிக்கும். கழுவி வைத்த தட்டு மாதிரி திரை இருக்க வேண்டும் என்று பிள்ளைகளைத் திருகச் சொல்வேன். அவர்கள் திருகினால் அலையெல்லாம் போய் எண்ணெய்க் கப்பலும் சரக்குக் கப்பலும் மட்டும் பளிச்சென்று நிற்கும். படகு ஏதாவது காணாமல் போயிருந்தால் எனக்கு உறைத்திருக்கும். அந்த மென்பொருளில் இருந்த கப்பல் பட்டியலில் மரப்படகு என்று ஒன்றே கிடையாது. பெரம்பலூர்க் கடலில் ஏழைகள் யாரும் பயணம் செய்யவில்லை.

மாசி மாதம். பருத்தி எடுத்து முடித்து, காய்ந்த செடியான மாரைப் பிடுங்கி விறகுக்கு ஏற்றிப்போகும் நேரம். ஒரு நாள் விளக்கு வைக்கிற வேளையில் ஸ்கூட்டரில் அரியலூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். எதிரே சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று, இரண்டு விளக்கையும் முழுசாக எரியவிட்டுக்கொண்டு வந்தது. அந்த நாட்களில் ரோட்டிலும் எனக்கு ஆர்ப்பா புத்திதான். லாரியின் வேகம் இவ்வளவு, என் வேகம் இவ்வளவு, இன்னும் எட்டு நொடியில் பக்கத்தில் வருவான், ஆறடி இடைவெளி இருக்கும், பயமில்லை என்று மனசுக்குள் கண்டுபிடித்து எனக்கு நானே ஒரு சபாஷ் போட்டுக்கொண்டேன். லாரி சரியாக ஆறடி தள்ளித்தான் போனது. போன அதே நொடியில் நான் ஒரு மாட்டு வண்டியின் பின்பக்கத்துக்குள் புகுந்துவிட்டேன்.

வண்டி நிறையப் பருத்திமார். அதனால்தான் பிழைத்தேன். முகம் முழுக்கக் கீறல், நெற்றியில் மட்டும் ஆழமாக ஒன்று. ஸ்கூட்டர் வண்டிக்கு அடியில் படுத்திருந்தது. மாடுகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வண்டிக்காரர் இறங்கி வந்து என்னை மாரிலிருந்து பிய்த்து எடுத்தார். உடையார்பாளையம் பக்கத்து ஆள். அடி பலமா என்று முதலில் பார்த்தார். பலமில்லை என்று தெரிந்த பிறகு பிடித்துக்கொண்டார்.

"ஏன் சார், கண்ணு முன்னாடி யானையாட்டம் வண்டி போவுது. தெரியலயா?"

"தெரியலங்க."

"எப்படித் தெரியாமப் போவும்? நேரா வந்து உடுறீங்க. பாத்துட்டேதான் வந்திருக்கீங்க."

"சத்தியமாப் பாக்கலங்க. லாரிய பாத்துட்டு இருந்தேன்."

"பாக்காம ஒருத்தன் இப்படி வர முடியுமா? படிச்சவரு பொய் சொல்லாதீங்க."

அவருக்கு என் மேல் வந்த கோபத்தில் ஒரு தப்பும் இல்லை. வண்டி பெரியது, வெளிச்சமும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. நான் மட்டும் பார்க்கவில்லை. எத்தனை சத்தியம் செய்தாலும் அவர் நம்பப்போவதில்லை. ரோட்டோரத்தில் உட்கார்ந்து கைக்குட்டையால் நெற்றியை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு வளைகுடாவில் நின்றுபோன அந்த லாஞ்சு நினைவுக்கு வந்தது. கொக்கு உட்கார்ந்தாலும் காட்டும் என்று எந்த நம்பிக்கையில் சொன்னேன்?

கேப்டன் வந்த சனிக்கிழமை, கையெழுத்துப் போட்டு முடிப்பதற்குள் கேட்டுவிட்டேன்.

"சார், மரப்படகு ரேடார்ல தெரியுமா?"

"தெரிஞ்சா தெரியும்" என்றார் தலையைத் தூக்காமல். "ரேடார் விடுற சிக்னல மரம் சரியாத் திருப்பி அனுப்பாதுப்பா. இரும்புன்னா பளிச்சுனு தெரியும். கொஞ்சம் அலை இருந்துட்டா மரப்படகு அதுலயே கலந்துடும். அலைய மறைக்கிறேன்னு அந்தக் குமிழைத் திருகினா, அலையோட சேத்து படகையும் துடைச்சுடும். ரேடார்லயே வராதத ஆர்ப்பா எங்கேருந்து கவனிக்கும்? அதனாலதான் சின்னப் படகுக்காரங்க தகரத்துல ஏதாவது செஞ்சு பாய்மரத்துல கட்டித் தொங்க விடுவாங்க. ஏன், என்ன விஷயம்?"

"சும்மாதான் சார்."

"இத முதல் வகுப்புலயே சொல்லிக் குடுக்கணுமே. சொல்லலயா நீ?" என்று கேட்டுவிட்டு நாற்காலியைச் சாய்த்தார்.

எட்டு மாதம். பதினாறு சனிக்கிழமை அவர் என் ஸ்கூட்டரின் பின்சீட்டில் உட்கார்ந்து வந்திருக்கிறார். ஒரு வாக்கியம் கேட்கும் தூரத்தில்தான் பதில் இருந்திருக்கிறது.

திங்கட்கிழமை லெப்பைக்குடிகாட்டுக்காரனைத் தனியாகக் கூப்பிட்டேன். கதவைச் சாத்திவிட்டு, நான் சொன்னது தப்பு என்றேன். மரப்படகு தெரிந்திருக்காது என்றேன். அப்புறம், நான் கப்பலில் வேலை பார்த்ததே இல்லை என்பதையும் சொன்னேன்.

"தெரியும் சார்" என்றான்.

"எது?"

"நீங்க கப்பல்ல இருந்ததில்லன்னு. மொத வாரமே தெரியும்."

"எப்படிடா தெரிஞ்சுது?"

"கப்பல்ல இருந்தவங்க யாரும் கப்பலப் பத்தி இவ்வளவு சந்தோசமாப் பேச மாட்டாங்க சார்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "தெரிஞ்சுமா என்கிட்டப் போயி அதைக் கேட்ட?" என்றேன்.

"நீங்க கடல் பாக்கலன்னாலும் புஸ்தகம் படிச்சவருல்ல. புஸ்தகத்துல இருக்கறத சொல்றீங்கன்னு நெனச்சேன்."

சரியான பதில் புத்தகத்தில் இருந்தது. மூன்றாம் அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தில், 'இயந்திரத்தின் குறைபாடுகள்' என்ற தலைப்பில் இருந்தது. தேர்வில் அதிலிருந்து கேள்வி வராது என்று நான்தான் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போயிருந்தேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். நான் ஏட்டையே முழுசாகப் பார்க்காதவன்.

"அக்காகிட்ட நீயே சொல்லிடுறியா?" என்று கேட்டேன்.

"நீங்க வந்து சொல்லுங்க சார். நான் மாத்தி மாத்திச் சொன்னா நம்பாது."

அந்த வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து அவன் வந்து லெப்பைக்குடிகாட்டு பஸ் ஸ்டாண்டில் நின்றான். கூடவே போனேன். மாடிக்குக் கம்பி நீட்டிக்கொண்டு, கீழ்த்தளம் மட்டும் முடிந்த வீடு. மச்சான் லாஞ்சுக்குப் போய்ச் சம்பாதித்துக் கட்டியது அதுவரைக்கும்தான் என்று வழியில் சொன்னான். அக்கா முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார். என் வயதுதான் இருக்கும்.

"நீங்கதானா தம்பியோட சாரு. வாங்க" என்றார். "நீங்க சொன்னப்புறந்தான் எனக்கு ஒரு முடிவு தெரிஞ்சுது."

வழியெல்லாம் பாடம் பண்ணிக்கொண்டு போனது மறந்துவிட்டது. "நான் சொன்னது தப்பும்மா" என்று ஆரம்பித்து எப்படியோ சொல்லி முடித்தேன். மரப்படகு அந்த இயந்திரத்தில் பெரும்பாலும் தெரியாது. கப்பல்காரர்கள் பார்த்திருக்கவே மாட்டார்கள். வேண்டுமென்று யாரும் ஏற்றவில்லை.

அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "அப்ப ஏன் தெரியும்னு சொன்னீங்க?"

"எனக்குத் தெரியாதும்மா. தெரியாதுன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. நான் கப்பல்ல வேல பாத்ததில்ல. கடலையே பாத்ததில்ல."

அவர் தம்பியைப் பார்த்தார். தம்பி தரையைப் பார்த்தான்.

"எட்டு மாசமா அஞ்சு வேளத் தொழுகையிலயும் அந்தக் கப்பல்காரனுக்கு பத்துவா செஞ்சுக்கிட்டு இருக்கேன் சார்" என்றார் மெதுவாக. "பேரு தெரியாது, மொகம் தெரியாது. அவன் நல்லா இருக்கக் கூடாது, அவன் கண்ணு அவிஞ்சு போவணும்னு அல்லாகிட்ட அழுது அழுது சாபம் குடுத்திருக்கேன். அதுக்கு முன்னாடி நான் யாருக்கும் கெட்டது கேட்டதில்ல. அவன் பாக்கலன்னா, அவன் மேல தப்பு இல்லன்னா, நான் செஞ்ச பத்துவா யாருக்குப் போயிருக்கும்?"

சமாதானம் சொல்லப் போகிறோம், மனசிலிருந்து ஒரு பாரத்தை இறக்கிவைக்கப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டுதான் பஸ் ஏறியிருந்தேன். திட்டுவதற்கு ஒரு ஆள் இருந்தான் அவருக்கு. அவனைக் கொடுத்ததும் நான், இப்போது வந்து பிடுங்கிக்கொண்டதும் நான்.

அவர் என் நெற்றியில் இருந்த பிளாஸ்திரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது என்ன காயம்?"

"மாட்டு வண்டியில மோதிட்டேம்மா."

"பாக்கலயா?"

"பாக்கலம்மா."

உதட்டோரத்தில் ஏதோ அசைந்தது. "சரியாத்தான் வந்து சேந்திருக்கு" என்றார். தம்பி குபீரென்று சிரித்துவிட்டான். அவரும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். நானும் சிரித்தேன். காயம் இழுத்து வலித்தது. அந்த ஒரு நிமிடம், மன்னித்துவிட்டார் என்றே நினைத்தேன்.

டீ கொண்டுவந்து வைத்தார். உட்காராமல் கதவு நிலையில் சாய்ந்துகொண்டார்.

"சரி சார். மெஷினு பாக்கல. மரம், அதனால தெரியல. ஒத்துக்கறேன். ஆனா அந்த மெஷினுக்குப் பக்கத்துல ஒரு ஆளு நிப்பான்ல?"

"நிப்பாங்கம்மா."

"அவனுக்கு முன்னாடி கண்ணாடி சன்னல் இருக்கும்ல?"

"இருக்கும்."

"நல்லா விடிஞ்ச நேரம். தம்பியும் அவங்களும் அந்தக் கப்பல அவ்வளவு நேரம் பாத்திருக்காங்க. துணிய ஆட்டியிருக்காங்க. அவன் கண்ணு எங்க போச்சு?"

கடல் விதிகளில், யார் எந்தப் பக்கம் திரும்புவது என்பதற்கெல்லாம் முன்னால் வரும் விதி இதுதான். கண்ணாலும் காதாலும் எப்போதும் கவனித்துக்கொண்டே இரு. இது யாருக்குத் தெரியாது என்று அரை நிமிடத்தில் வாசித்துவிட்டு ஆர்ப்பாவுக்குப் போய்விடுவேன். நாற்பது பேருக்குக் கப்பலோட்டக் கற்றுக்கொடுத்த என் அறையில் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்திருந்தது. திரை பளிச்சென்று தெரிய வேண்டும் என்று ஆணி வாங்கி வந்து அடித்தது நான்தான்.

இந்த முறை பொய் சொல்லத் தோன்றவில்லை.

"அவன் மெஷினப் பாத்துக்கிட்டு இருந்திருப்பாம்மா" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். என் நெற்றியை இன்னொரு முறை பார்த்தார்.

"அப்ப என் பத்துவா வீணாப் போவல" என்றார். சொல்லிவிட்டு, "டீ ஆறுது, குடிங்க" என்று உள்ளே போய்விட்டார்.